காலண்டர் ஆணி

வீட்டை வாடகைக்கு விட்டவன் உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்று நினைப்பவர்கள், குடியிருப்பவர் காலி செய்யும் நாளில் அவன் முகத்தைப் பார்க்க வேண்டும். பெயின்ட் அடிக்கணும், குழாய் மாத்தணும், புரோக்கருக்கு அழணும். அதோடு, வாங்கித் தின்ற அட்வான்ஸையும் திருப்பித் தரணும்.

தென்காசியில் எங்கள் மாடி வீட்டில் ஜெபராஜ் சார் குடும்பம் சில வருஷம் இருந்தது. பள்ளிக்கூட வாத்தியார். நாகர்கோவிலுக்கு மாற்றலாகிப் புறப்பட்டார். சாரல் பிடித்த ஆனி மாதம். இரண்டொரு நாளில் புதுக் குடித்தனம் வருகிறது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலையிலிருந்து மாடிக்கும் கீழுக்கும் அலைந்துகொண்டிருந்தேன். (உதவி செய்ய அல்ல, சேதாரம் தேட.)

சாமான்களைக் கட்டி ஹாலில் அடுக்கிவிட்டார்கள். வாசலில் லாரி நிற்கிறது. சல்லடை போட்டுத் தேடியதில் எனக்குக் கிடைத்தது, சுவரில் காலண்டர் மாட்டிய ஒரே ஒரு ஆணி. சுவரே போச்சு, அட்வான்ஸில் பிடிக்க வேண்டியதுதான் என்று ஆரம்பித்தேன்.

சார் நிதானமாகச் சொன்னார்: "அதைப் பிடுங்காதீங்க அண்ணாச்சி. அடிக்கும்போதே ஈரம் கசிஞ்சுது. உள்ள பைப் போகுது."

பணத்துக்காகப் பொய் சொல்லுதார் என்று நினைத்தேன். சுத்தியலின் பின்பக்கத்தை ஆணியில் மாட்டி ஒரே இழு.

ஆணி வந்தது. பின்னாலேயே தண்ணீரும் வந்தது. விரலால் அடைத்தேன், இரண்டு பக்கமும் பீச்சியடித்து மெத்தை, துணிமூட்டை, புத்தகப் பெட்டி எல்லாவற்றையும் குளிப்பாட்டியது. சார் மொட்டைமாடிக்கு ஓடினார். டேங்க் வால்வு துருவேறி அசையவில்லை. (அதை மாற்றச் சொல்லி அவர் கேட்டபோதெல்லாம் எனக்குக் காது கேட்கவில்லை.) டேங்க் காலியாகும்வரை சுவரைக் கட்டிப்பிடித்தபடி நின்றேன்.

நனைந்த சாமானை ஏற்ற மாட்டேன் என்று லாரிக்காரர் போய்விட்டார். சாரல் நேரத்தில் மெத்தை காய்கிற மாதிரி இல்லை. வேறு வழியில்லாமல் அந்தக் குடும்பத்தைக் குற்றாலத்தில் ஒரு லாட்ஜில் தங்கவைத்தேன். சீசன் வாடகை. அதையும் நானே கட்டினேன். இங்கே சுவரை உடைத்து, பைப் மாற்றி, பூசி முடிப்பதற்குள் புதுக் குடித்தனக்காரர் வேறு வீடு பார்த்துப் போய்விட்டார்.

சாமான் காய்ந்து நாகர்கோவிலுக்குக் கிளம்பும்போது சாரின் மனைவி கும்பிட்டுச் சொன்னார்: "இத்தனை வருஷம் இங்கன இருந்தும் அருவில குளிக்க நேரமே வாய்க்கல அண்ணாச்சி. உங்க புண்ணியத்துல பிள்ளைகளோட ஆசை தீரக் குளிச்சிட்டோம்."

இன்றைக்கும் நான் சுத்தியலைக் கையில் எடுத்தால் போதும், அடுப்படியிலிருந்து என் மனைவி கேட்கிறாள்: "துண்டு எடுத்துட்டு வரட்டா?"