முனைவர் கரிமூட்டம் இருளாண்டி

மரம் நடுகிறவர் வீட்டைச் சுற்றி இத்தனை மரம் வெட்டிக் கிடக்கக் கூடாது என்று பாலமணிகண்டனுக்குப் பட்டது.

திருச்சுழியில் பஸ் இறங்கி வெயிலில் மூன்று கிலோமீட்டர் நடந்து வந்திருந்தான். எதிரே ஆள் உயரத்துக்கு ஒரு மண்மேடு, அதன் உச்சியில் புகை. பக்கத்தில் சீமைக்கருவேலங் கட்டைகள் குவிந்து கிடந்தன. மேட்டில் விழுந்த ஓட்டைகளை மண் அள்ளி அடைத்துக்கொண்டிருந்தவர், தலை முதல் கால் வரை ஒரே நிறத்தில் இருந்தார்.

"இங்க இருளாண்டிங்கிறது?"

"நாந்தான் சார்."

"தோட்டம் போடுறவரு?"

"மூட்டம் போடுறவன் சார். கரிமூட்டம். வெறக மண்ணுக்குள்ள சுட்டுக் கரியாக்குறது."

தப்பான ஆளிடம் வந்துவிட்டோம் என்று பாலமணிகண்டனுக்கு விளங்கியது. அவன் வேலை பார்க்கும் பல்கலைக்கழகம் இந்த வருடம் இரண்டு பேருக்குக் கௌரவ முனைவர் பட்டம் தருகிறது. ஒருவர் நகரப் பிரமுகர் வெள்ளத்துரை. இன்னொருவர், காரியாபட்டிப் பக்கம் கண்மாய்க் கரையெல்லாம் வேம்பும் பனையும் நட்டு வளர்த்த இருளாண்டி. அவருடைய முகவரி யாரிடமும் இல்லை. பாலமணிகண்டன் ஆபீஸ் கம்ப்யூட்டரில் பெயரைத் தட்டினான். ஒரே ஒரு இருளாண்டி வந்தார், முகவரியோடு. எந்தப் பட்டியலிலிருந்து என்று அவன் பார்க்கவில்லை. முன்ஜாக்கிரதையாக அந்த ஊர் டீக்கடைக்குப் போன் போட்டு விசாரிக்கவும் செய்தான். "அவுக மூட்டம் போடுறவுக" என்று டீக்கடைக்காரர் சொன்ன நேரத்தில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. இவன் 'தோட்டம்' என்று எழுதிக்கொண்டான். கடிதம் போய்விட்டது. அழைப்பிதழும் அச்சாகிவிட்டது.

பதினோரு வருடமாகத் தற்காலிக ஊழியன் அவன். பணி நிரந்தர ஆணை பதிவாளர் மேசையில் கையெழுத்துக்காகக் கிடந்தது. "விழா ஒழுங்கா முடியட்டும், போடுறேன். ஏதாச்சும் பிசகுச்சுன்னு வையி, அந்தத் தாளுல வடைதான் மடிப்பேன்" என்று பதிவாளர் சொல்லியிருந்தார்.

"பெரியவரே, ஒங்களுக்கு ஒரு லெட்டர் வந்துச்சுல்ல? அதுல ஒரு சின்ன..."

"வந்துச்சு சார். தபால்காரருதான் வாசிச்சுச் சொன்னாரு. முனைவர் பட்டமாம்ல. ரெண்டு வருசமாக் காத்துக் கெடந்தோம். ஒங்க ஆபீசுக்கே ரெண்டு தடவ வந்தோம். வரும் வரும்னு சொல்லி அனுப்பிச்சிட்டாக."

கரி சுடுகிறவர் வரைக்கும் இந்த வியாதி வந்துவிட்டதே என்று பாலமணிகண்டன் அசந்துபோனான். வெள்ளத்துரையாவது மூன்று காரில் வந்து சிபாரிசு பிடித்தார். இவர் பஸ்ஸில் வந்திருக்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம்.

குடிசைக்குள்ளிருந்து அவர் மனைவி செல்லக்கிளி ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். அவன் குடித்து முடிக்கும் வரை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சார், நான் அஞ்சாப்புத் தாண்டாதவன். நான் வந்து கையில வாங்குனாச் செல்லுமா?" என்றார் இருளாண்டி.

"நீங்கதான் வாங்கணும்."

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று பாலமணிகண்டனுக்கு உறைத்தது. செல்லக்கிளி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இனி இல்லை என்று சொல்ல முடியாது. செம்பைக் கீழே வைத்துவிட்டு அவன் கிளம்பினான்.

பஸ்ஸில் திரும்பும்போது ஒரு வழி தோன்றியது. சீமைக்கருவேலம் மண்ணுக்குக் கேடு என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதை வெட்டுகிறவர் சூழல் போராளி இல்லாமல் வேறு யார்? 'நாற்பது ஆண்டுகளில் லட்சம் நச்சு மரங்களைத் தனியொருவராக அகற்றிய தியாகி' என்று குறிப்பு எழுதிக் கொடுத்தான்.

பதிவாளர் படித்தார். "வெட்டுனது சரிய்யா. நட்டதுக்குல்ல பட்டம்? துணைவேந்தர் பச்சையா ஒரு போட்டோ கேக்குறாரு."

பந்தல்குடி ரோட்டில் ஒரு நர்சரியில் இருபது வேப்பங்கன்று வாங்கி, லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய், மூட்டத்தைச் சுற்றி நட்டான். அருப்புக்கோட்டையிலிருந்து போட்டோகிராபர் மதன்குமார் வந்து சேர்வதற்குள், மூட்டத்துச் சூட்டில் பாதிக் கன்று சுருண்டுவிட்டது. மீதியை வெள்ளாடு பார்த்துக்கொண்டது.

"ஏலே மணி, இதுல எதப் பச்சைன்னு எடுக்க?" என்றான் மதன்குமார்.

"பொகைய எடு. பொகைக்குள்ள செடி இருக்குன்னு ஆளுக நெனச்சுக்கிருவாக."

"என்னைய எதுக்கு சார் போட்டோ?" என்று இருளாண்டி கூச்சப்பட்டார். "என் தொழிலும் அந்தப் பட்டத்துல வருமா?"

"எல்லாம் வரும். சும்மா நில்லுங்க."

போட்டோ பிரமாதமாக வந்தது. அதுதான் வினை. 'அதிகாலைப் பனிமூட்டத்தில் தம் தோட்டத்தில் இருளாண்டி ஐயா' என்று விழா மலரில் முழுப்பக்கம் போட்டார்கள். திருச்சுழிக்கு எந்தக் காலத்தில் பனி வந்தது என்று கேட்க ஆபீசில் ஒருவருக்கும் தோன்றவில்லை. துணைவேந்தர் அந்தப் படத்தில் மயங்கிப்போய், கார்பனை மண்ணுக்குள் சேமிப்பது பற்றி ஐயா மேடையில் இரண்டு நிமிடம் பேச வேண்டும் என்று உத்தரவு போட்டுவிட்டார்.

விழாவன்று காலை பாலமணிகண்டன் இருளாண்டியை ஒரு தூணுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போனான்.

"பெரியவரே, கார்பன்னா கரி. கரிய மண்ணுக்குள்ள எப்படி வைக்கிறதுன்னு கேப்பாக. தெரிஞ்சதச் சொல்லுங்க. மூட்டம்னு மட்டும் வாயத் தொறந்துராதீக. என் பொழப்பே அதுலதான் இருக்கு."

"ஒங்களுக்கு ஒரு கெடுதல் வர விட்ருவனா சார்? பட்டத்த இன்னைக்கே கையில குடுத்துருவாகள்ல?"

"குடுத்துருவாக."

"எழுத்துப் பிழை இல்லாம இருக்குமா? ஒருக்கா தப்பாயிட்டா மறுபடி அலைய ஒடம்புல தெம்பு இல்ல."

மேடையில் வெள்ளத்துரைக்குத்தான் முதல் மரியாதை. அவருடைய லெட்டர்பேடில் 'முனைவர்' ஏறி ஒரு மாதமாகியிருந்தது. மரம் வளர்ப்போம் என்று அவர் படம் போட்ட பலகைகள் அருப்புக்கோட்டையில் மரத்துக்கு மரம் ஆணியடித்துத் தொங்கின. சிவப்பு அங்கியில் அவர் முப்பது நிமிடம் பேசினார். இருபத்தெட்டு நிமிடம் தன்னடக்கத்தைப் பற்றி.

பிறகு இருளாண்டி. குளித்து, வெள்ளை வேட்டி கட்டியிருந்தார். விரல் இடுக்கில் மட்டும் கரி போகவில்லை. அங்கி அவருக்கு முழங்காலுக்குக் கீழே தொங்கியது. மைக்கைப் பிடிக்கத் தெரியாமல் தள்ளி நின்றார்.

"கரிய மண்ணுல வைக்கிறது ஒண்ணும் பெரிய காரியமில்லங்க. அடுக்கி, மேல எல தழ போட்டு, மண்ணப் பூசி மூடிரணும். காத்து உள்ள போகப்படாது. போச்சுன்னா எல்லாம் சாம்பலாயிரும். ராப்பகலா கூடவே கெடக்கணும். கண்ணசந்தம்னா போச்சு. நாங்க ஒருக்கா கண்ணசந்தோம்..." அதோடு நிறுத்தி, அங்கி நுனியை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. பாமர மொழியில் உலக விஞ்ஞானம் என்றார் துணைவேந்தர். பருவநிலையை நினைத்து ஒரு விவசாயி அழுகிறார் என்று நிருபர்கள் எழுதிக்கொண்டார்கள். பாராட்டுரையை ஆங்கிலத்தில் வாசித்தார்கள். இருளாண்டி பட்டத்தை இரண்டு கையாலும் வாங்கி, நாற்காலிக்குத் திரும்பாமல் நேரே மேடையை விட்டு இறங்கி, மூன்றாவது வரிசையில் இருந்த செல்லக்கிளியின் மடியில் வைத்தார். நெறிமுறை தவறிவிட்டதென்று பதிவாளர் பல்லைக் கடித்தார். கைதட்டல் இன்னும் கூடியதும் அவரும் கைதட்டினார்.

அன்று சாயங்காலமே ஆணையில் கையெழுத்து விழுந்தது. அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, இருவரையும் அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏற்றிவிடப் போனான் பாலமணிகண்டன். பதினோரு வருடத்தில் முதல் முறையாக அவனுக்கு யாரிடமாவது அன்பாகப் பேச வேண்டும் போலிருந்தது.

"சந்தோசந்தான பெரியவரே? இனி நீங்க முனைவர் இருளாண்டி."

இருளாண்டி ஒன்றும் விளங்காதவராய் அவனைப் பார்த்தார். பஸ் வந்து நின்றது. செல்லக்கிளி ஏறவில்லை. அதுவரை அவனிடம் ஒரு வார்த்தை பேசாதவள், பட்டத்தை விரித்து அவன் முன்னால் பிடித்தாள்.

"இங்கிலீசுல கெடக்கு தம்பி, ஒங்க காலேசுல படிச்சு முடிச்சு, இந்தப் பட்டத்த வாங்குறதுக்குள்ள செத்துப்போனாளே எம் மக யுவராணி, அவ பேரு இதுல எங்கன இருக்குன்னு ஒரு வெரல மட்டும் வச்சுக் காட்டுங்க."