புத்தூர் கட்டுப் போட்ட வாஷிங் மிஷின்

வாஷிங் மிஷின் மறுபடியும் ஆட ஆரம்பித்தபோது காலை மணி ஒன்பது. சம்பத் தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு தன் தலையெழுத்தை நொந்துகொண்டான்.

ராத்திரி முழுக்க சத்தியவேடு பக்கம் ஒரு கம்பெனியில் நின்றுகொண்டே வேலை. தூக்கம் பகலில்தான். புத்தூரில் இந்த மாடி வீட்டுக்கு வந்து இரண்டு மாதமாக அதுவும் இல்லை. போன வாரம் வேலையில் தூங்கி இரண்டாவது முறையாக மாட்டிக்கொண்டான். “மூணாவது தபா தூங்கினா, அப்புறம் வூட்லயே தூங்கிக்கோ” என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

“ஷோபா! இருக்கறது ரெண்டு பேரு. தினம் இன்னாத்த தோச்சிக்கினு இருக்க?”

“தெருவுல தூசிங்க.”

“நேத்து தோச்சதையே இன்னிக்கும் தோய்க்கிற!”

“நேத்தும் தூசிதான்.”

சண்டை போடத் தெம்பில்லாமல் எழுந்து போய்ப் பார்த்தான். மிஷினுக்கு ஒரு கால் குட்டை. அட்டையை மடித்து அடியில் செருகினான். அதுவரை நின்ற இடத்தில் ஆடிய மிஷின் இப்போது நடக்க ஆரம்பித்தது. சமையலறை வரைக்கும் வந்து ஃபிரிட்ஜை இடித்தது. மேலே இருந்த டப்பாக்கள் உருண்டன.

“நின்னுக்கினு இருந்தத நடக்க வச்சிட்டீங்க” என்றாள் ஷோபா.

புத்தூரில் குடியிருப்பவனுக்கு, கால் சரியில்லை என்றால் ஒரே வைத்தியம்தான் தோன்றும். வீட்டுக்காரி பொன்னியம்மா கீழ் வீட்டில் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறவள். நல்ல மனுஷி. வீடு கேட்டுப் போன அன்று சாதி கேட்கவில்லை, அட்வான்ஸ் கேட்கவில்லை. “வாஷிங் மிஷின் இருக்குதா? ஒரு தபா ஓட்டிக் காட்டு” என்று மட்டும் சொன்னாள். தண்ணீர் செலவுக்குப் பயப்படுகிறாள் என்று சம்பத் நினைத்துக்கொண்டான்.

அவள் வாசலில் காயவைத்திருந்த மூங்கில் பட்டைகளில் நான்கை எடுத்துவந்தான். பழைய வேட்டியைக் கிழித்தான். முட்டையை உடைத்து வெள்ளைக்கருவைத் தடவி, மிஷினின் காலை ஜன்னல் கம்பியோடு சேர்த்து இறுக்கிக் கட்டினான்.

“முட்டை எதுக்குங்க?”

“முட்டை இல்லாம கட்டா?”

மிஷின் நடப்பது நின்றுவிட்டது. ஜன்னல் ஆட ஆரம்பித்தது. ஒரு கண்ணாடி விழுந்து உடைந்தது.

பொறுமை போய், மிஷினை நிறுத்தித் துணிகளை அள்ளி வெளியே போட்டான். அடியில் ஒரு சாக்ஸ் கனத்துக் கிடந்தது. அவிழ்த்தால் உள்ளே முட்டை அளவில் மூன்று கூழாங்கற்கள்.

“இன்னாடி இது?”

“காணோம் காணோம்னு தேடிக்கினு இருந்தீங்களே, அந்த சாக்ஸுங்க.”

“கல்லு?”

ஷோபாவுக்கு அடுப்பில் ஏதோ பொங்குவது ஞாபகம் வந்துவிட்டது.

கல்லை வெளியே போட்டுவிட்டு, துணிகளைத் திரும்பப் போட்டு மிஷினை ஓட்டினான். சத்தமே இல்லை. படுத்தான். இரண்டு மாதத்தில் முதல் முறையாக வீடு அமைதியாக இருந்தது. சம்பத்துக்கு அழுகையே வந்தது. கண்ணை மூடினான்.

“அய்யய்யோ! சச்சிப்போத்துன்னானுரா!”

செத்தேன் என்று கீழேயிருந்து தெலுங்கில் ஓர் அலறல். துள்ளி உட்கார்ந்தான். அது அடங்கும் முன்பே இன்னொன்று: “யம்மா! கைய வுடு, கைய வுடு!”

ஜன்னலுக்கு ஓடினான். கீழே பெஞ்சில் வரிசைக்காகக் காத்திருந்தவர்கள் எழுந்து ஓடிக்கொண்டிருந்தார்கள். காலில் அடிபட்டவர்கூட ஒற்றைக்காலில் குதித்துக் குதித்து ஆட்டோ பிடித்துவிட்டார்.

படியில் தடதடவென்று சத்தம். எண்ணெய்க் கையோடு பொன்னியம்மா வாசலில் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது.

“இன்னாம்மா ஷோபா, நான் குட்த்த கல்லு இன்னா ஆச்சி? நான் கட்டுப் போடற ஒம்போதுலருந்து பன்னெண்டு வரைக்கும் சத்தம் போட்டுக்கினே இருக்கும்னுதானே, கேட்டவங்க அத்தினி பேரையும் வுட்டுட்டு உங்களுக்கு இந்த வூட்ட குட்த்தேன்!”