ஏழு டிராகன்களை அடக்கியவரின் வீர வரலாறு

பூட்டு மந்திரவாதி ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். இனி வீட்டில் தன் பேச்சுதான் எடுபட வேண்டும்.

இருபது வருஷமாக, யாராலும் திறக்க முடியாத பூட்டுகளை மந்திரக்கோலால் தட்டித் திறந்து கொடுப்பவர் அவர். வீட்டில் மட்டும் வாயைத் திறக்க வழியில்லை. அதற்காகத்தான் வாழ்க்கை வரலாறு எழுதுகிற அம்மாளை வரவழைத்தார். அந்த அம்மாளுக்கு ஊரில் ‘பரபரப்பு’ என்றே பெயர். மாவீரர் என்று பெயரெடுத்த மந்திரவாதிகளில் பாதிப் பேர் அவர் பேனாவில் பிறந்தவர்கள்தான்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் மந்திரவாதி தன் கோலை அழுத்தி முத்திரை வைத்தால், கோல் புத்தகம் முழுவதையும் நம்பிவிடும். புளுகாகவே இருந்தாலும், அச்சில் உள்ளபடிதான் அது பிறகு வேலை செய்யும்.

“உங்க வீட்டு ஜன்னல்ல டிராகன் தலையை விட்டுச்சாமே?” என்று கேட்டார் பரபரப்பு அம்மாள்.

“ஆமா. ஒரே பார்வை பார்த்தேன். மண்டி போட்டுடுச்சு.”

உள்ளே பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அன்று டிராகனின் மூக்கில் கரண்டியால் ஓங்கிப் போட்டவள் அவள்.

“கட்டிலுக்கு அடியிலேர்ந்து எப்படிங்க பார்த்தீங்க?” என்று குரல் கொடுத்தாள்.

“அவளுக்கு ஞாபக மறதி. நீங்க எழுதுங்க.”

“எழுதிட்டேன். ஒரு டிராகன் போதுமா? ஏழா போட்டுடவா?”

“ஏழே போடுங்க!”

அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்தத் தாள் கட்டு வந்தது. தன் படம் இருந்த பக்கங்களை மட்டும் அவர் மூன்று தடவை படித்தார். “மத்ததை நான் பார்த்துக்கறேன்” என்று மனைவி வாங்கிக்கொண்டாள். அவள் சண்டை போடாததே அவருக்குப் பெரிய வெற்றியாகப் பட்டது.

வெளியீட்டு விழாவில் மண்டபம் நிரம்பி வழிந்தது. முத்திரை வைத்தார். எதிரே கூண்டில் நிஜ டிராகன். அவர் கோலை நீட்டி ஒரு பார்வை பார்த்தார். அது குப்புற விழுந்து வாலைச் சுருட்டிக்கொண்டது! கூட்டம் அவரைத் தோளில் தூக்கியது. பூட்டு மந்திரவாதி அழுதே விட்டார். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு ஜீவன் அவரைக் கண்டு பயந்திருக்கிறது.

நெஞ்சை நிமிர்த்தியபடி வீடு வந்தார். தொட்டி நிறையப் பாத்திரம்.

“இதெல்லாம் ஏன் இன்னும் தேய்க்கலை?” என்று அதட்டினார்.

“உங்களுக்காகத்தான் வெச்சிருக்கேன்.”

“எனக்கென்ன, ஒரு தட்டு தட்டினா...” கோலை வீசினார். ஒரு கிண்ணம்கூட அசையவில்லை. மறுபடி வீசினார். கோல் கையிலிருந்து நழுவிப் போய் மூலையில் சாய்ந்துகொண்டது.

மனைவி புத்தகத்தைப் பிரித்துப் படித்தாள். “பதினோராம் அத்தியாயம். ‘இந்த மாவீரரின் வலிமைக்கு என்ன ரகசியம்? வீட்டுப் பாத்திரம் அத்தனையையும் மந்திரமில்லாமல் தம் கையாலேயே தேய்ப்பதுதான். ஒரு நாள் விட்டாலும் எந்த டிராகனும் அவரை மதிக்காது.’”

“இதை யாரு எழுதச் சொன்னது?”

“பக்கம் குறையுதுன்னு அந்தம்மா கேட்டாங்க. சொன்னேன்.”

வாசலில் ஜனங்கள் இன்னும் அவரை வாழ்த்திக் கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் புகழை விட அவருக்கு மனசு வரவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போனார்.

“நல்லா அழுத்தித் தேய்ங்க” என்றாள் மனைவி. “ரெண்டாம் பதிப்புல துணி துவைக்கிறதும் வருது.”