கப்டனின் கல்லறையில் என் மகள் அழுத படம்

பத்திரகாளி துணை

திருகோணமலை,
1943 ஆவணி

கிளிவெட்டியில் வாழும் மதிப்புக்குரிய யோகலிங்கம் அவர்களுக்கு, தங்கள் மகனுக்குத் தன் மகள் பூரணத்தைத் தர நிச்சயித்திருக்கும், படம் பிடிக்கும் ஸ்ரூடியோக்காரன் கோணாமலை வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நாங்கள் சுகம். அங்கு தாங்களும் வயலும் மாடுகன்றும் சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

ஒரு படத்தைப் பற்றி ஆள்விட்டுக் கேட்டிருந்தீர்கள். அது உங்கள் கைக்கு எப்படி வந்ததென்று எனக்குத் தெரியாது. ஓம், தேவாலய வளவில் வெள்ளைக்காரக் கப்டனின் கல்லறையைப் பிடித்துக்கொண்டு அழுவது பூரணம்தான். ஆனால் கப்டன் எங்களுக்கு ஒரு உறவுமுறையும் இல்லை. அவர் செத்தே நூறு வருஷமாகிறது.

நடந்தது இதுதான். சீமையிலிருக்கும் கப்டனின் சந்ததிக்கு அனுப்பவென்று, கடற்படைத் துரை ஒருவர் அந்தக் கல்லறையைப் படம் பிடித்துத் தரச் சொன்னார். அதுவரை ஒருவரும் அதைப் படம் பிடித்ததில்லை. நான் எடுத்த சாவுப் படங்களில் சொந்தக்காரர் சுற்றி நில்லாத படம் ஒன்றுகூடக் கிடையாது. ஒரு மனிதனை அநாதையாகச் சீமைக்கு அனுப்பினால் நம் ஊரைப் பற்றி என்ன நினைப்பார்கள்? நாலு பேரை நிறுத்துவோமென்றால், போன வருஷம் யப்பான்காரன் குண்டு போட்டதிலிருந்து எங்கள் ஒழுங்கையில் வீடெல்லாம் காலி. அகப்பட்டவர்கள் வண்டிக்கார ஜமால்தீனும் என் மகளும்தான். துக்கத்துக்குப் பொருத்தமென்று பூரணத்துக்கு வெள்ளைச் சேலை உடுத்தி, கப்டனுக்கு மாலை போட்டு, வானம் மப்பாயிருந்தபடியால் வெளிச்சத்துக்கு மருந்துப்பொடியைக் கொளுத்தினேன், அது கொஞ்சம் கூடிப்போயிற்று, "யப்பான்காரன் வந்திட்டான்!" என்று ஜமால்தீன் பதுங்குகுழியில் பாய்ந்தார், காவற்காரன் ஊதல் ஊதினான், அபாயச் சங்கு அலறியது, துரை கல்லறைக்குப் பின்னால் குப்புறப் படுத்தார், புகை கண்ணில் ஏறிப் பூரணம் அழுதாள், அழுகிறவர்களைக் கண்டால் எடுத்துவிடும் பழக்கத்தில் நானும் எடுத்துவிட்டேன்.

"குமர்ப்பிள்ளைக்கு வெள்ளை உடுத்திப் பார்த்த தகப்பன் நீங்கள் ஒராள்தான்" என்று மனைவி இரத்தினேஸ்வரி சோறு போடும்போதெல்லாம் சொல்லுகிறாள். இந்தச் சம்பந்தம் குழம்பினால் எனக்கு அந்தச் சோறும் இறங்காது. என் சொல்லை நம்பி, குறித்த முகூர்த்தத்தில் கலியாணத்தை நடத்தித் தரவேண்டும். தங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு எங்கள் வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி.

இப்படிக்கு,
கோணாமலை

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் பூரணம் வாசித்துவிட்டாள். "அப்பா, படத்தை அனுப்பினது நான்தான்" என்கிறாள். ஏன் பிள்ளை என்றேன். "அதைப் பார்த்து அவர் சிரிக்கிறாரோ, முறைக்கிறாரோ எண்டு எனக்குத் தெரியவேணும். சிரிக்கத் தெரியாத மனுசனோட என்னால சீவிக்க ஏலாது."

ஆகவே மேலே எழுதிய விளக்கம் ஒன்றும் வேண்டாம். மாப்பிள்ளை சிரித்தாரா? தயவுசெய்து அதை மட்டும் எழுதுங்கள்.