உரிமையோடு போட்ட பாட்டு

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு எல்லோரும் நலம், என்னைத் தவிர. உங்கள் கடைக்குள் அதிகாரி நுழைந்த சேதி வந்ததிலிருந்து என் மனைவி எனக்குச் சோறு போடும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பாட்டு ஒலிக்கும் கடை, மண்டபம், வானொலி எல்லோரிடமும் கட்டணம் வாங்கி, எழுதியவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது எங்கள் பாடலாசிரியர் சங்கத்தின் வேலை. யாரிடமும் பாடம் கேட்காமல் நானே கற்று எழுதிய என் பாட்டுக்கு மட்டும் ஒன்றும் வரவில்லையே என்று போய்ச் சண்டை போட்டேன். "எங்க ஓடுதுன்னு சொன்னாத்தானே ஐயா வசூல் பண்ண முடியும்?" என்றார் அங்கிருந்தவர். அன்றிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தேன். ஒரு மத்தியானம், புதிதாகத் திறந்த துணிக்கடை ஒன்றின் வாசலில் என் பாட்டு! கண் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணோடு பெயர்ப்பலகையைப் பார்க்காமல் கதவு எண்ணை மட்டும் குறித்துப் புகார் கொடுத்துவிட்டேன். அது நீங்கள் இடம் மாற்றித் திறந்த கடை என்று எனக்கு எப்படித் தெரியும்? திறப்பு விழாவுக்குத்தான் நான் வரவில்லையே. அழைப்பிதழில் என் பெயருக்கு முன்னால் 'கவிஞர்' போடாதது உங்கள் பிழை. அதை இப்போதும் சொல்வேன்.

மகள் போனில் அழுதாள். சங்கத்து அதிகாரி "பாட்டுப் போட உரிமம் இருக்கா?" என்று கேட்க, நீங்கள் வாடிக்கையாளர்கள் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி, "எனக்கில்லாத உரிமையா? எழுதினவரே என் சம்பந்திங்க! அவருக்கு மரியாதையாத்தான் கடை திறந்ததிலேர்ந்து மூடுற வரைக்கும் போடுறேன்" என்றீர்களாம். "புகார் கொடுத்ததே அவர்தாங்க" என்றாராம் அவர். அளந்துகொண்டிருந்த துணி உங்கள் கையிலிருந்து நழுவியதாம். "அப்பா, இந்த வீட்ல இனி எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நடமாடுவேன்?" என்றாள் மகள். புகாரைத் திரும்பப் பெறச் சங்கத்துக்கு ஓடினேன். "உரிமைய எங்ககிட்ட எழுதிக் குடுத்துட்டீங்களே ஐயா. இனி நீங்களே போடச் சொன்னாலும் செல்லாது" என்றார்கள். என் பாட்டின் மேல் நீங்கள் கொண்டாடிய உரிமைகூட எனக்கு இல்லை, சம்பந்தி. கூனிக் குறுகித் திரும்பினேன்.

என் மேலுள்ள கோபத்தை என் மேலேயே காட்டுங்கள், மகள் பாவம். மாப்பிள்ளைக்கு ஆசிகள், சம்பந்தியம்மாவுக்கு வணக்கம். இனி எந்தக் கடை வாசலிலும் காதைத் தீட்ட மாட்டேன். இது சத்தியம்.

தலைகுனிவுடன்,
உங்கள் சம்பந்தி
(கவிஞர்)

பி.கு.: உங்களுக்கு எதிரே உள்ள மருந்துக்கடையிலும் அன்று என் பாட்டுதான் ஓடியது. கதவு எண் தெரியாமல் லாரி மறைத்துவிட்டது. கடைக்காரர் நமக்கு ஏதாவது உறவா என்று விசாரித்துவிட்டு, எண்ணை எழுதி அனுப்புங்கள். உரிமையோடு கேட்கிறேன்.