வெடிகுண்டு வாத்தியாரும் இரண்டு குடம் தண்ணீரும்

பற்றவே வைக்காத திரியின்மேல் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிய மடையன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான். அதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வெடிகுண்டு வாத்தியாரைப்போல் வெள்ளைக்காரனை நடுங்கவைத்தவர் கிடையாது. அவர் வைத்த குண்டு வெடிக்கவில்லை என்பது வேறு விஷயம். இளவயதில் ரயில் பாலத்துக்கு அடியில் வைத்தார். வைத்த கையோடு மழை பிடித்துக்கொண்டது. ரயில் சௌகரியமாகப் போய்விட்டது. இவர் ஜெயிலுக்குப் போனார். உள்ளே செபமாலையும் இலக்கணப் புத்தகமுமாக இருந்து, வெளியே வந்து எங்கள் கத்தோலிக்கப் பள்ளிக்குத் தலைமையாசிரியர் ஆனார்.

தொழில்தான் மாறியது. கதவுக்கு முதுகு காட்டி உட்கார மாட்டார். கால் பரீட்சையைப் பற்றிப் பேசுவதற்குக்கூட ஆசிரியர்களான நாங்கள் ஆளுக்கொரு தெரு வழியாக வர வேண்டும். எனக்கு ஒதுக்கிய தெருவில் பால்கோவாக் கடை இருந்தது.

"எங்கவே போயிருந்தீரு?"

"யாரோ பின்னாலயே வந்தான் சார். கடைக்குள்ள ஒதுங்கிட்டேன்."

"வாயைத் தொடச்சிட்டுச் சொல்லும்."

ஜெயிலுக்குப் போனவர் பள்ளிக்கூடம் நடத்தலாமா என்று மேலே யாருக்கோ சந்தேகம் வந்தது. கல்வி இன்ஸ்பெக்டர் வருகிறார், அவர் முகம் சுளித்தால் வாத்தியார் வேலை போய்விடும் என்றார்கள். வாத்தியார் அசரவில்லை.

"வரட்டும்வே. அவரு ஆயுசுக்கும் மறக்காத வரவேற்பு வச்சிருக்கேன்."

மறுநாள் காலையில் மாதா கோயிலுக்குப் பின்புறம் போனால், இரும்புக் குழாய்களில் கறுப்பு மருந்தைப் போட்டு இடித்துக்கொண்டிருக்கிறார். இதுதானா அந்த வரவேற்பு! கிணற்றடியில் இருந்த குடத்தைத் தூக்கி மருந்தின்மேல் ஊற்றினேன். பதற்றம் தீராமல் இன்னொரு குடம். அது அவர் வேட்டிமேல்.

"என்னவே பண்ணுதீரு?"

"உம்ம வேலையக் காப்பாத்துதேன் சார். இன்ஸ்பெக்டரும் பிள்ளகுட்டிக்காரரு."

"இது கோயில் அதிர்வேட்டுவே. திருநாளுக்குச் சப்பரம் கெளம்பும்போது போடுவாகள்ல, அது. பெரிய மனுசன் வந்தா போட வேண்டாமா?"

வருஷா வருஷம் போடுவார்கள்தான். சப்பரம் அசைவதற்கு முன்பே காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறவன் நான்; குழாயைக் கண்டேனா, கோலைக் கண்டேனா?

நனைந்த மருந்தை வாத்தியார் விரலால் தொட்டுப் பார்த்தார். "அன்னைக்கு மழை. இன்னைக்கு நம்ம ஆளு."

இன்ஸ்பெக்டர் வண்டியிலிருந்து இறங்கும்போதே தோளைக் குறுக்கிக்கொண்டுதான் இறங்கினார். அரை மணி நேரம் சுற்றிப் பார்த்தார். கரும்பலகை கீச்சிட்டது தவிர ஒரு சத்தமும் இல்லை. "என்னென்னவோ சொன்னாங்க. கோயில் மாதிரில்ல இருக்கு" என்று சொல்லி, காபி குடித்துவிட்டுப் போனார். வேலை தப்பியது.

வாத்தியார் எனக்கு நன்றி சொல்லவில்லை. சில வருஷம் கழித்து ராஜபாளையத்தில் புதுப் பள்ளி திறந்தபோது, "இவரைவிட எச்சரிக்கையான ஆளு சிக்க மாட்டான்" என்று பங்குச்சாமியாரிடம் மல்லுக்கட்டி என்னைத் தலைமையாசிரியர் ஆக்கினார். முதல் நாள் நாற்காலியில் உட்கார்ந்ததும் கூரை ஓடு அதிர வெளியே ஒரு சத்தம். கண்ணைத் திறந்தபோது மேஜைக்கு அடியில் இருந்தேன்.

குனிந்து பார்த்தது வெடிகுண்டு வாத்தியாரின் முகம். அதிர்வேட்டுக் குழாய் ஒன்றை ஈரம் படாமல் தன் சால்வையில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தாராம்.

"எதுக்கு சார் இதெல்லாம்?" வெளியே வராமலே கேட்டேன்.

"ஒண்ணாவது வெடிக்க வேண்டாமாவே?"