பாய்லரை விழுங்கிய ரிப்பீட்டர்

ரிப்பீட்டர் ஒன்று கட்டியே தீருவது என்று சென்னகிருஷ்ணன் சபதம் எடுத்தது ரசம் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது. சபதத்தை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. எதையுமே வாய்விட்டுச் சொல்லும் வழக்கம் அந்த வீட்டில் அவருக்குக் கிடையாது.

பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்பு மோட்டார் கம்பெனியில் சூப்பர்வைசர் அவர். அங்கே ஒரு ஷெட்டே அவர் சொல்லுக்கு நடுங்கும். வீட்டில் மனைவி குழந்தையம்மாள். "ஏனுங்க" என்று அவள் ஆரம்பிப்பாள். இவர் "என்ன" என்று கேட்பதற்குள் கேள்வி, பதில், தீர்ப்பு மூன்றையும் அவளே சொல்லி முடித்துக் காய்கறி நறுக்கப் போயிருப்பாள். கல்யாணமான புதிதில் சென்னகிருஷ்ணன் ஒரு வாக்கியம் ஆரம்பித்தார். அதை இன்னும் முடிக்கவில்லை.

ஆகவேதான் ஹாம் ரேடியோவுக்குப் போனார். பரீட்சை எழுதி, அரசாங்கத்திடம் உரிமம் வாங்கி, மாடியறையில் பெட்டி வைத்து, முகம் தெரியாதவர்களோடு பேசுகிற பொழுதுபோக்கு. அதில் ஒரு விதி உண்டு. ஒருவர் பேசி முடித்து "ஓவர்" சொல்லும்வரை மற்றவர் வாயைத் திறக்கக் கூடாது. அதைப் படித்த அன்று சென்னகிருஷ்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டில் அவர் வாயைத் திறந்தாலே அது ஓவர்.

ஆனால் அதிலும் விதி விளையாடியது. வீடு இருந்தது பள்ளத்தில். அவர் அனுப்பிய அலை பக்கத்து மில் சுவரைத் தாண்டவே மூச்சு வாங்கியது. கோட்டைமேட்டில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த அப்துல் கையூம் ஒருவருக்குத்தான் அவர் குரல் கேட்டது. உலகத்தோடு பேசப் புறப்பட்டவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு காது. கடைக்கு ஆள் வந்தால் அந்தக் காதும் எழுந்து போய்விடும்.

"இதுக்கு ரிப்பீட்டர்தான் ஒரே வழிங்ண்ணா," என்றார் கையூம். "மேடான எடத்துல ஒரு பெட்டி. நாம பேசறதக் கேட்டு, அதே நிமிசத்துல வேற அலைவரிசைல பலமாத் திருப்பிச் சொல்லும். மேட்டுப்பாளையத்துல இருந்து பொள்ளாச்சி வரைக்கும் கேக்கும்."

"சொன்னதையே சொல்றதுக்கு எங்கூட்டுல ஏற்கனவே ஒண்ணு இருக்குதே பாய்."

"அது அவிங்க சொன்னதத் திருப்பிச் சொல்றதுங்ண்ணா. இது நீங்க சொன்னதத் திருப்பிச் சொல்லும்."

அந்த வித்தியாசம் சென்னகிருஷ்ணனை உலுக்கிவிட்டது.

வால்பாறையில் ஒரு தேயிலை எஸ்டேட்டுக்குப் புதுசாகத் தொலைபேசி வந்திருந்தது. அதுவரை மலைக்கும் ஃபேக்டரிக்கும் பேசப் பயன்படுத்திய பழைய வயர்லெஸ் பெட்டிகளைக் கழித்துப் போடுகிறார்கள் என்று தகவல். இரண்டு பேரும் பஸ் ஏறினார்கள். திரும்பும்போது ஆளுக்கொரு பெட்டி மடியில். ஒவ்வொன்றும் அம்மிக்கல் கனம். ஒரு கொண்டை ஊசி வளைவில் கையூமின் பெட்டி இவர் மடிக்கு வரும். அடுத்த வளைவில் இரண்டு பெட்டியும் கையூமின் மடிக்குப் போகும். ஆழியாறு வருவதற்குள் இருவருக்கும் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை.

வாசலில் குழந்தையம்மாள் நின்றாள்.

"ஏனுங்க, அது என்னதுங்க?"

"கம்பெனி சாமான் அம்மணி. டெஸ்ட் பண்ணக் குடுத்துவுட்டாங்க."

"கம்பெனி சாமான்ல தேயிலைத் தூசி இருக்குதுங்களே?"

"அது வந்து..."

"செருப்புக்குப் பக்கத்துல வைங்க. உள்ள கரப்பான் இருக்கும்."

இருந்தது. குடும்பத்தோடு இருந்தது.

கரப்பான் குடும்பத்தைக் காலி செய்துவிட்டு வேலையில் இறங்கினார். எஸ்டேட்டின் அலைவரிசை வேறு, ஹாம்களுக்கு அரசாங்கம் ஒதுக்கிய அலைவரிசை வேறு. அலைவரிசையை நிர்ணயிக்கிற பழைய கிறிஸ்டலைக் கழற்றிப் புதுசு போட வேண்டும். காயில்களைப் பிளாஸ்டிக் குச்சியால் மயிரிழை மயிரிழையாகத் திருகிப் புது அலைவரிசைக்குப் பழக்க வேண்டும். பல வருஷம் தேயிலை எடையைப் பற்றியே பேசிய பெட்டி, சுலபத்தில் மாறுமா? ஒரு காயிலை வழிக்குக் கொண்டுவந்தால் இன்னொன்று முறைத்துக்கொள்ளும். ஒருவழியாக ஒரு பெட்டி கேட்கப் பழகியது, இன்னொன்று பேசப் பழகியது. இரண்டையும் சேர்த்து வைத்ததும் கேட்கிற பெட்டி செவிடாகிவிட்டது.

"அப்படித்தானுங்ண்ணா ஆகும்," என்றார் கையூம். "பேசறதும் கேக்கறதும் ஒரே எடத்துல இருந்தா, பேசற சத்தத்துல கேக்கறதுக்குக் காது அடைச்சுப்போயிரும்."

"இதைய எனக்குச் சொல்லித் தரோணுமா பாய்?"

"நடுவுல ஃபில்டர் வெக்கோணுமுங்ண்ணா. நல்ல கெனமான செம்புல. வெளிய ஒரு பெரிய குழாய், அதுக்குள்ள ஒரு சின்னக் குழாய்."

கையூம் இரண்டு கையாலும் காற்றில் அந்த வடிவத்தை வரைந்து காட்டினார். சென்னகிருஷ்ணனுக்கு அது பழகிய வடிவம். அந்த வடிவத்தை அவர் தினமும் காலையில் பார்க்கிறார். குளியலறைக்கு வெளியே, வெந்நீர் போடுகிற செம்புப் பாய்லர். குழந்தையம்மாள் பிறந்த வீட்டுச் சீதனம். வெள்ளிக்கிழமை தோறும் புளி போட்டுத் துலக்கி, அதில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்வாள். நெஞ்சுப் பக்கத்தில் அவள் பெயரை வெட்டியிருந்தார்கள்.

செய்யலாமா கூடாதா என்று சென்னகிருஷ்ணன் தூக்கம் கெட்டுக் கிடந்த வாரத்தில், அவளே வழி திறந்துவிட்டாள்.

"ஏனுங்க, ஞாயித்துக்கெழமை மேட்டுப்பாளையத்துல ஒரு கண்ணாலமுங்க. நான் மட்டும் போயிட்டு வாரேன். நீங்க வர வேண்டாமுங்க."

அவள் பட்டுச் சேலையும் மல்லிகைப் பூவுமாகப் பஸ் ஏறியதும் இவர் பாய்லரைப் போர்வையில் சுற்றி ஆட்டோவில் ஏற்றினார். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து ஓட்டினார். கடைசியில் பொறுக்க முடியாமல், "ஆஸ்பத்திரிக்குங்களா?" என்று கேட்டார். கணபதியில் தெரிந்த லேத் பட்டறையில் அறுவை நடந்தது. பாய்லர் இரண்டு ஃபில்டர் ஆயிற்று. ரம்பம் சரியாகப் பெயரின் நடுவே இறங்கியிருந்தது. ஒன்றில் 'குழந்தை' என்றும் மற்றதில் 'யம்மாள்' என்றும் இருந்தது. சென்னகிருஷ்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சாயங்காலம் அவள் வந்தாள்.

"பாய்லர் எங்கீங்க?"

"ஓட்டை. அடைக்கக் குடுத்திருக்கறேன்."

அவள் வெறும் இடத்தைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். அவர் காலண்டரைப் பார்த்தார்.

"செரிங்க," என்றாள். "குடுத்ததுதான் குடுத்தீங்க, உள்பக்கம் வெள்ளி முலாம் பூசச் சொல்லியிருக்கலாமுங்களே. இன்னும் நல்லா வேலை செய்யுமுங்களாமா."

பாய்லருக்கு எதற்கு வெள்ளி என்று அவருக்குப் புரியவில்லை. அதைவிடப் புரியாதது அந்தச் 'செரிங்க'. இத்தனை வருஷத்தில் அவர் சொன்ன எதற்கும் அவள் செரிங்க சொன்னதில்லை. அன்றிலிருந்து அவளுக்கு அடுப்பில் ஒரு பானை வெந்நீர் காய்ந்தது. அவருக்குக் குழாய்த் தண்ணீர். அது மார்கழி மாதம்.

பெட்டி தயார். டெல்லியிலிருந்து அனுமதியும் வந்துவிட்டது. எங்கே வைப்பது? குருடிமலைச் சரிவில் மாமனார் தோட்டம் இருந்தது. அங்கே உயரமான தண்ணீர்த் தொட்டி. கோயமுத்தூர் முழுக்கக் காலடியில் தெரியும். அதைக் கேட்பதானால் எல்லா உண்மையையும் சொல்ல வேண்டும். எப்படி ஆரம்பிப்பது என்று சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"எங்கப்பன் தோட்டத்துத் தொட்டி மேல வைங்க," என்றாள் குழந்தையம்மாள்.

"எதைய?"

"அந்தக் கம்பெனி சாமானத்தானுங்க. ஆனா மோட்டார் ரூம் சாவி என்கிட்டத்தான் இருக்கும். கரண்டு அங்கிருந்துதான வருது?"

"உனக்கு எப்படி..."

"மோர் ஊத்தட்டுங்களா?"

வாக்கியம் அங்கேயே செத்தது. ஆனால் அவருக்கு வருத்தமில்லை. வேண்டியது கிடைத்துவிட்டது. அந்த நிமிஷம் அவள் கோயமுத்தூரையே கேட்டிருந்தாலும் எழுதிக் கொடுத்திருப்பார்.

திறப்பு விழா கையூம் கடையில். ஹாம் சங்கத்துக்காரர்கள் போண்டாவோடு கூடியிருந்தார்கள். சென்னகிருஷ்ணன் மைக்கை அழுத்தினார். பேசினார். வால்பாறை வளைவுகளைப் பற்றிப் பேசினார், காயில்களின் குணத்தைப் பற்றிப் பேசினார், கரப்பானுக்குக்கூட ஒரு பத்தி ஒதுக்கினார். யாரும் குறுக்கிடவில்லை. குரல் மலைக்குப் போய், செம்பைக் கடந்து, மாவட்டமெல்லாம் பரவியது. கல்யாணமான புதிதில் ஆரம்பித்த வாக்கியம் இன்றுதான் முடிகிறது என்று அவருக்குத் தோன்றியது. "ஓவர்" என்றார்.

ஸ்பீக்கரில் ஒரு பெண் குரல் வந்தது.

உரிமத்தோடு ஒவ்வொரு ஹாமுக்கும் கிடைக்கிற அழைப்புக்குறியீட்டைத் தடங்கலில்லாமல் ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னது. உரிமம் உள்ளவர்கள் சொல்கிற ஒழுங்கிலேயே சொன்னது. "பேரு குழந்தையம்மாளுங்க. எடம் பெரியநாயக்கன்பாளையம். ஆன்டெனா மொட்டை மாடில, துணி காயப்போடற கம்பிக்குப் பக்கத்துலீங்க. உங்க சிக்னல் நல்லா இருக்குது. பேச்சுத்தான் கொஞ்சம் நீளமுங்க. ஓவர்."

கடையே கைதட்டியது. அந்த அலைவரிசையில் பெண் குரலையே கேட்டிராத கூட்டம் அது. சென்னகிருஷ்ணன் கையூமைத் திரும்பிப் பார்த்தார். கையூம் சூடேறாத சால்டரிங் அயர்னை ஊதிக்கொண்டிருந்தார்.

"என்ன பாய் இது?"

"அண்ணி மிக்சி ரிப்பேருக்கு வந்தாங்கண்ணா. 'அவரு மாடில உக்காந்து அப்படி என்னத்தத்தான் பேசறாரு'ன்னு கேட்டாங்க. சொல்லிக் குடுத்தேன். அப்பறம் மிக்சி வாரா வாரம் ரிப்பேராச்சு. அந்த ஞாயித்துக்கெழமை பரீட்சைங்ண்ணா, கண்ணாலமில்ல. ஃபில்டருக்கு எந்த உலோகம் நல்லதுன்னு ஒரு கேள்வியாமா. செம்பு, உள்பக்கம் வெள்ளி முலாம்னு எழுதிப்போட்டாங்க."

அவர் வீட்டுக்குப் போனபோது அவள் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்ல வந்தேனுங்க. எத்தனையோ தடவை மாடிப்படி ஏறி வந்தேன். நீங்க அந்த ஹெட்போனை மாட்டிட்டு முதுகைக் காட்டிட்டு உக்காந்திருப்பீங்க. முதுகுகிட்ட எத்தனை நாளைக்குப் பேசறதுங்க? அதுதான் உங்களுக்குக் கேக்கற வழியா வந்தேன்." துணியை மடித்துக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்தாள். "சொல்லுங்க. இப்ப நான் கேக்கறேன்."

அவள் உண்மையாகவே காத்திருந்தாள். இத்தனை வருஷம் அவர் ஏங்கிய அமைதி அது. பேசலாம், எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். சென்னகிருஷ்ணன் வாயைத் திறந்தார். உள்ளே ஒன்றுமே இல்லை. எல்லாவற்றையும் கையூம் கடையில் கொட்டிவிட்டு வந்திருந்தார். ஒரு தலையணை உறையை எடுத்து, அதையும் தப்பாக மடித்துக் கொடுத்தார்.

அடுத்த வாரம் சங்கம் கூடித் தினமும் காலையில் எல்லோரும் அலைவரிசையில் கூடிப் பேசுவது என்று முடிவு செய்தது. அதற்கு 'நெட்' என்று பெயர். நடத்துகிறவர் கூப்பிட்டால்தான் மற்றவர்கள் பேசலாம். கூப்பிடாமல் யாரும் வாய் திறக்கக் கூடாது. நடத்த யார்? குரல் தெளிவு, கண்டிப்பு உண்டு, மோட்டார் ரூம் சாவியும் கையில். குழந்தையம்மாளை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஏகமனதில் சென்னகிருஷ்ணனின் மனது இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை.

முதல் நாள் காலை அவர் மாடியில் மைக்கோடு உட்கார்ந்தார். அவள் கீழே அடுப்படியில், கையூம் கொடுத்த பழைய கைப்பெட்டியோடு. ஒரே வீட்டின் இரண்டு குரல்களும் குருடிமலை ஏறி இறங்கின. அவர் தன் குறியீட்டைச் சொன்னார்.

"கேட்டாச்சுங்க. வரிசைல இருங்க," என்றது மலை.

இருந்தார். பொள்ளாச்சிக்காரர் மழையைப் பற்றிச் சொன்னார். திருப்பூர்க்காரர் தன் இருமலைப் பற்றிச் சொன்னார். அன்னூர்க்காரர் தன் மாட்டின் இருமலைப் பற்றிச் சொன்னார். எல்லோரையும் அவள் பொறுமையாகக் கேட்டு, "செரிங்க, செரிங்க" என்றாள். கடைசியில் அவர் முறை வந்தது. சென்னகிருஷ்ணன் தொண்டையைச் செருமினார். இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தது தயாராக நின்றது.

"எல்லாருக்கும் வணக்கம். இந்த ரிப்பீட்டரை நான்..."

"நேரம் முடிஞ்சுதுங்க, நெட்டை மூடிக்கலாம். பெரியநாயக்கன்பாளையம் ஸ்டேஷன் மட்டும் கீழ எறங்கி வந்து தேங்காய் துருவிக் குடுங்க."